மூன்று கற்கள்: ‘செவன் சான்சஸ்’ படம் பிழைத்த விதம்

பஸ்டர் கீட்டன் இயக்கி நடித்த ‘செவன் சான்சஸ்’ 1925 மார்ச்சில் வெளிவந்தது. மௌனப் படம், 56 நிமிடம் ஓடும். ஒரு பெண்ணிடம் “உன்னைப் பிடித்திருக்கிறது” என்று சொல்ல வாய் வராத ஓர் ஆபீஸ்காரனின் கதை. அதன் கடைசியில் ஒரு மலைச்சரிவு வரும். மேலிருந்து நூற்றுக்கணக்கான பாறைகள் உருண்டு வர, கீட்டன் அவற்றுக்கு நடுவே குனிந்து, தாண்டி, விழுந்து எழுந்து ஓடி வருவார். மௌனப் பட நகைச்சுவையில் மறக்க முடியாத ஐந்தாறு காட்சிகளைச் சொல்லச் சொன்னால், இதை விட்டுவிட்டு என்னால் பட்டியல் போட முடியாது.

ஆனால் படப்பிடிப்பு முடித்து, எடிட் செய்து, முதலில் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டிய படத்தில் இந்தக் காட்சி கிடையாது. அப்போது அதில் இருந்தவை மூன்று கற்கள். அவையும் யாரும் யோசித்து உருட்டியவை அல்ல, கீட்டன் ஓடும்போது கால் பட்டுப் பெயர்ந்தவை.

அந்த மூன்று கற்கள் எப்படி இவ்வளவு பெரிய காட்சியாக வளர்ந்தன என்பதைத்தான் இங்கே நிதானமாகப் பார்க்க நினைக்கிறேன். சினிமாக் கதை சொல்கிறவர்கள் இதை அதிர்ஷ்டம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது, அந்தக் கற்களுக்கான இடம் கதையில் ஆரம்பத்திலிருந்தே காலியாகக் கிடந்தது என்றுதான் தோன்றியது.

பிடிக்காத நாடகம்

மூலக்கதை கீட்டனுடையது இல்லை. ராய் கூப்பர் மெக்ரூ எழுதி, டேவிட் பெலாஸ்கோ 1916இல் நியூயார்க்கில் மேடையேற்றிய நாடகம் அது. கீட்டன் படங்களின் தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க் 25,000 டாலர் கொடுத்து அதன் உரிமையை வாங்கினார். ஷெங்க் வெறும் முதலாளி இல்லை. அவர் மனைவி நார்மா டால்மட்ஜும் கீட்டனின் மனைவி நடாலி டால்மட்ஜும் அக்கா தங்கை. சகலை காசு போட்டு வாங்கி வைத்த கதையை எடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கீட்டனுக்கு அந்த நாடகம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இருந்தும் எடுத்தார்.

ஏன் பிடிக்கவில்லை என்பது அவர் வேலை செய்த முறையைத் தெரிந்துகொண்டால் புரியும். கீட்டன் ஸ்டூடியோவில் தாளில் எழுதிய திரைக்கதை என்று ஒன்று இருக்காது. கிளைட் பிரக்மன், ஜீன் ஹேவஸ், ஜோசப் மிட்செல் மாதிரி நகைச்சுவை யோசிக்கிறவர்களோடு உட்கார்ந்து, முதலில் ஒரு நல்ல ஆரம்பம், அப்புறம் ஒரு நல்ல முடிவு, இரண்டையும் பிடித்துவிடுவார்கள். நடுப்பகுதி தானாக வரும் என்பது அவர் நம்பிக்கை. உடம்பால் சொல்ல முடிந்ததை எழுத்து அட்டையில், அதாவது வசனத்தை எழுதி நடுநடுவே திரையில் காட்டும் அட்டையில், போடவே மாட்டார். மற்றவர்கள் ஒரு படத்துக்குச் சராசரியாக 240 எழுத்து அட்டைகள் போட்ட காலத்தில், தான் அதிகபட்சம் போட்டது 56தான் என்று பிற்காலப் பேட்டியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர் கையில் வந்தது முழுக்க முழுக்கப் பேச்சால் நடக்கிற நாடகம். ஒருவன் பெண்களிடம் போய் “என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா?” என்று கேட்கிறான், ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாக மறுக்கிறாள். மேடையில் நடிகரின் நாக்கும் குரலும் இதைத் தூக்கி நிறுத்திவிடும். சத்தமே இல்லாத சினிமாவில் கேள்விக்கு ஓர் அட்டை, பதிலுக்கு ஓர் அட்டை என்று போட்டுக்கொண்டிருந்தால் ஜனங்கள் படிப்பதற்குத்தான் தியேட்டருக்கு வர வேண்டும்.

வாயைவிட்டு வராத வார்த்தை

படத்தின் முதல் சில நிமிடங்களே கீட்டன் இந்தச் சிக்கலை எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பதற்குச் சாட்சி. அந்தப் பகுதி மட்டும் அன்றைய இரண்டு வண்ண டெக்னிகலரில் எடுக்கப்பட்டது. கோடைக்காலம். ஜிம்மி ஷானன் (கீட்டன்) மேரி ஜோன்ஸின் (ரூத் டுவயர்) வீட்டு வாசலில் நிற்கிறான். அவளைக் காதலிப்பதாகச் சொல்ல ஆசை, சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு குட்டி நாய். அடுத்து இலையுதிர் காலம். அதே இடம், அதே இரண்டு பேர். இன்னும் சொல்லவில்லை. நாய் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. பனிக்காலம் வருகிறது, வசந்தம் வருகிறது. அவன் அதே இடத்தில் அப்படியே நிற்கிறான். நாய் பெரிய நாயாகிவிட்டது.

ஒரு மனிதன் எவ்வளவு கூச்ச சுபாவி என்பதை அளக்க ஒரு நாய்க்குட்டியை வைத்தவர் அவர். இதைவிடச் சுருக்கமாகவும் அன்பாகவும் ஒருவன் கூச்சத்தைக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை. கூச்சப்படுகிறவனுக்குக் காலம் போவது தெரியாது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே இருப்பான். பக்கத்தில் ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டே போகும்.

அப்புறம் படம் கறுப்பு வெள்ளைக்கு மாறி ஆபீஸுக்குள் போகிறது. ஜிம்மியும் அவன் கூட்டாளி பில்லி மீக்கினும் (டி. ராய் பார்ன்ஸ்) சேர்ந்து நடத்தும் தரகு நிறுவனம் அது. யாரோ ஏமாற்றி ஒரு மோசமான வியாபாரத்தில் இவர்களை மாட்டிவிட்டார்கள். பணம் புரட்டாவிட்டால் அவமானம், ஜெயில்கூட வரலாம். அந்த நேரம் பார்த்து ஒரு வக்கீல் இவர்களைத் தேடி வருகிறார். ஸ்னிட்ஸ் எட்வர்ட்ஸ் என்ற குள்ளமான, முகமெல்லாம் சுருக்கம் விழுந்த அருமையான நடிகர். சம்மன் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து இரண்டு பேரும் ஒரு கிளப்புக்கு ஓடி ஒளிகிறார்கள். அவர் அங்கேயும் வந்துவிடுகிறார். அவர் கையில் இருப்பதோ உயில். ஜிம்மியின் தாத்தா 70 லட்சம் டாலர் எழுதி வைத்திருக்கிறார். ஒரே நிபந்தனை, அவனுடைய 27ஆவது பிறந்தநாள் அன்று சாயங்காலம் 7 மணிக்குள் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். அந்தப் பிறந்தநாள் இன்றைக்குத்தான்.

ஜிம்மி காரில் ஏறி மேரி வீட்டுக்குப் போகிறான். இந்தப் பயணத்தைக் கீட்டன் காட்டியிருக்கும் விதத்துக்காகவே படத்தை ஒரு தடவை பார்க்கலாம். கார் நகரவே நகராது. அவன் கிளப் வாசலில் காரில் உட்கார்ந்திருக்கிறான். பின்னணி மெல்லக் கரைந்து மேரியின் வீடாக மாறுகிறது. கார் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அவன் இறங்கிப் போகிறான். திரும்பி வருவதும் இப்படித்தான். கணினி எதுவும் இல்லாத காலத்தில் இதைச் செய்ய வேண்டுமானால் இரண்டு இடங்களிலும் காரைக் கேமராவிலிருந்து அணு பிசகாமல் ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் நிறுத்த வேண்டும், வெளிச்சமும் ஒரே பக்கத்திலிருந்து விழ வேண்டும். எல்ஜின் லெஸ்லியும் பைரன் ஹூக்கும் ஒளிப்பதிவு. இது வித்தை காட்டுவதற்காகச் செய்தது என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வருஷம் நகராமல் நின்றவன் இப்போதும் நகரவில்லை, உலகம்தான் அவனிடம் வருகிறது.

மேரியிடம் கேட்கிறான். அவள் சம்மதிக்கிறாள். அங்கேயே நிறுத்தியிருந்தால் படம் முடிந்திருக்கும். ஆனால் கூச்சப்படுகிறவர்கள் பேசத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. இன்றைக்குள் யாராவது ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டே ஆக வேண்டும், அது யாராக இருந்தாலும் பரவாயில்லை என்கிற பொருளில் ஏதோ உளறிவிடுகிறான். அவள் முகம் மாறுகிறது. முடியாது என்று சொல்லிவிடுகிறாள்.

இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் வாயில் அடக்கி வைத்திருந்த வார்த்தை, வெளியே வரும்போது கோணலாக வந்துவிட்டது. படத்தில் இதற்குப் பின்னால் நடக்கிற அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தால் வந்த வினை.

ஏழு, அப்புறம் ஊர் முழுக்க

படத்தின் பெயரில் இருக்கும் ஏழு வாய்ப்புகள் கிளப்பில் வருகின்றன. கூட்டாளியும் வக்கீலும் அங்கே இருக்கும் பெண்களில் ஜிம்மிக்குத் தெரிந்தவர்களாக ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாடகத்தின் உயிர் இந்தப் பகுதி. கீட்டனுக்கு இதுதான் தலைவலி.

பேச்சைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் அசைவை வைத்து ஓரளவு சமாளிக்கிறார். ஒருத்தியோடு பேசிக்கொண்டே மாடிப்படி ஏறுகிறான். மேலே போகும்போது அவள் மறுக்கிறாள். எதிரே இன்னொருத்தி இறங்கி வருகிறாள், அப்படியே திரும்பி அவளோடு கீழே இறங்குகிறான். மேலே நிற்கும் ஒரு பெண்ணுக்குச் சீட்டு எழுதி வீசுகிறான். அவள் கிழித்துப் போட, காகிதத் துண்டுகள் பனி மாதிரி அவன் தலையில் கொட்டுகின்றன. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அதை வாங்கிக்கொண்டு நிற்கிறார் கீட்டன். அந்த ஒரு காட்சிக்கு அட்டையே தேவைப்படவில்லை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணாகக் கொஞ்ச நேரமே வருகிறவர் ஜீன் ஆர்தர். பேசும் படம் வந்த பிறகு பெரிய நட்சத்திரமானவர்.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். இந்தப் பகுதி நன்றாக இருக்கிறதே தவிர, பிரமாதமாக இல்லை. கேட்கிறான், மறுக்கிறாள், அடுத்தவள். எத்தனை சாமர்த்தியமாக எடுத்தாலும் ஒரே தாளம். ஏழாவது மறுப்பு முதல் மறுப்பைவிடக் கனமாக இல்லை.

ஏழும் போன பிறகு ஜிம்மி தெருவில் எதிர்ப்படும் எந்தப் பெண்ணையும் கேட்க ஆரம்பிக்கிறான். இதற்குள் கூட்டாளி விஷயத்தைப் பத்திரிகையில் போடவைத்துவிடுகிறான். 70 லட்சம் டாலருக்கு வாரிசு, மணமகள் தேவை, 5 மணிக்குச் சர்ச்சுக்கு வரவும். களைத்துப் போன ஜிம்மி சர்ச்சில் முன் வரிசைப் பெஞ்சில் படுத்துத் தூங்கிவிடுகிறான். கண்ணை விழித்துப் பார்த்தால் சர்ச் முழுக்கக் கல்யாண உடுப்பில் பெண்கள். சைக்கிளில், டிராமில், ரோலர் ஸ்கேட்டில், குதிரையில் என்று வந்து இறங்கியவர்கள். யாரோ விளையாட்டுக்குச் செய்திருக்கிறார்கள் என்று பாதிரியார் சொல்ல, அத்தனை கோபமும் அவன் மேல் திரும்புகிறது. அதே நேரத்தில் மேரி மனம் மாறி அனுப்பிய செய்தியும் அவன் கைக்கு வந்துசேர்கிறது. இனி அவன் ஓட வேண்டியது ஒரே ஒரு வீட்டுக்கு.

மணி என்ன என்று தெரிய வேண்டும். கடிகாரக் கடை ஜன்னலைப் பார்க்கிறான், ஒவ்வொரு கடிகாரமும் ஒவ்வொரு நேரம் காட்டுகிறது. உள்ளே போய்க் கடைக்காரரையே கேட்டால், அவருடைய கடிகாரமும் நின்றுபோயிருக்கிறது.

பிறகு துரத்தல். அவன் தெருவில் நடந்து போகிறான், பின்னால் சத்தமில்லாமல் மணப்பெண்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். கட்டிக்கொண்டிருக்கும் ஒரு செங்கல் சுவரைத் தாண்டிப் போகும்போது ஆளுக்கொரு செங்கல் எடுத்துக்கொள்ள, சுவரே காணாமல் போய்விடுகிறது. கால்பந்து மைதானத்துக்குள் புகுந்து வெளியே வருகிறார்கள், ஆட்டக்காரர்கள் தரையோடு தரையாகக் கிடக்கிறார்கள். சோளக்காடு மிதிபட்டுச் சமதரையாகிறது. கிரேனில் தொங்குகிறான், அந்தக் கிரேனை இயக்குவதும் ஒரு மணப்பெண்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே நல்ல யோசனைகள். இத்தனைக்கும் பிறகு ஒரு சரிவில் கீட்டன் ஓடி இறங்க, காட்சி மங்கி முடிந்தது. முதல் வடிவம் அவ்வளவுதான்.

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்த இடம்

அந்தக் காலத்து நகைச்சுவைக்காரர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. வெளியீட்டுக்கு முன்னால் படத்தை ஏதாவது ஒரு சாதாரணத் தியேட்டரில் போட்டு, தாங்களும் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே இருமுகிறார்கள், எங்கே சும்மா இருக்கிறார்கள் என்று கவனிப்பார்கள். அதை வைத்து வெட்டுவார்கள், சில சமயம் திரும்பவும் படம்பிடிப்பார்கள். அன்றைய இன்னொரு நகைச்சுவை நட்சத்திரமான ஹெரால்ட் லாய்டும் இப்படித்தான் செய்தார்.

‘செவன் சான்சஸ்’ படத்தை அப்படிப் போட்டுக் காட்டிய முன்னோட்டத்தில் நடந்ததைக் கீட்டன் பிற்காலத்தில் பல தடவை சொல்லியிருக்கிறார். படம் சுமாராகத்தான் போனது. துரத்தலுக்கு எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. ஆனால் முடிவுக்குச் சற்று முன்னால், அவர் சரிவில் ஓடும்போது கால் பட்டு ஒரு கல் பெயர்ந்து, அது வேறு கற்களில் மோதி, மூன்று கற்கள் அவருக்குப் பின்னால் உருண்டு வந்தன. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டுகிறார். அந்த இடத்தில் கூட்டம் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது. இன்னும் ஏதோ வரப்போகிறது என்று எதிர்பார்த்தது. அதற்குள் படம் முடிந்துவிட்டது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். மூன்று கல் உருண்டது தற்செயல், சரி. ஆனால் அதே கற்கள் படப்பிடிப்பில் உருண்டபோதும், எடிட்டிங் மேசையில் ஓடியபோதும் அங்கே இருந்த யாருக்கும் அவை பெரிதாகப் படவில்லை. கூட்டத்துக்கு நடுவே இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. தன் படம் தோற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில், “எங்கே சிரிக்கவில்லை” என்பதிலேயே மனம் முழுக்கப் போயிருக்கும். அந்த நிலையில் ஓரிரு நொடி நீடித்த ஒரு சின்ன அசைவைக் கூட்டத்தின் உடம்பிலிருந்து படித்தெடுப்பது பழக்கத்தால் வருவது. கீட்டன் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை. சின்னக் குழந்தையாக இருந்ததிலிருந்தே அப்பா அம்மாவோடு வாட்வில் என்ற பல்சுவை நிகழ்ச்சி மேடையில், அடி வாங்கி, தூக்கி எறியப்பட்டு, ஜனங்களைச் சிரிக்கவைத்து வளர்ந்தவர். அவர் கற்ற கல்வியே இதுதான்.

அடுத்து அவர் செய்தது, காட்சியைத் திரும்ப எடுப்பது. 1,500 பாறைகள் தயாரானதாக அவரே சொல்லியிருக்கிறார். கையில் தூக்கும் பந்து அளவிலிருந்து எட்டு அடி விட்டம் வரை. காகிதக்கூழால் செய்த பொய்ப்பாறைகள்தான். ஆனால் எட்டடி உருண்டை நல்ல சரிவில் வேகமெடுத்து வந்து மோதினால், உள்ளே என்ன இருந்தாலும் அடி அடிதான். டூப் போடவில்லை. கீட்டன்தான் ஓடினார். படத்தில் அவர் விழுகிற விழுகைகளில் சிலவற்றைப் பார்த்து நான் இப்போதும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிடுகிறேன்.

ஏன் அது வேலை செய்தது

மணப்பெண்கள் துரத்தியபோது வராத சிரிப்பு, பாறைகள் துரத்தியபோது ஏன் வந்தது? இதுதான் இந்த ஆய்வின் மையக் கேள்வி. எனக்குத் தெரிந்தவரை இரண்டு பதில்கள். ஒன்று தொழில் சார்ந்தது, இன்னொன்று கதை சார்ந்தது.

தொழில் பக்கம் முதலில். மணப்பெண்கள் சர்ச்சிலேயே நூற்றுக்கணக்கில் வந்துவிட்டார்கள். அதற்கு மேல் கூட்ட முடியாது. துரத்தல் தொடங்கும்போதே உச்சத்தில் இருக்கிறது, பிறகு இடம்தான் மாறுகிறது: தெரு, மைதானம், வயல். கூட்டம் ஒரே வேகத்தில், ஒரே உருவமாக வருகிறது. பாறைகள் அப்படி இல்லை. முதலில் சின்னது, அதைத் தாண்டிவிடலாம் என்று நமக்கே தெரியும். அடுத்தது கொஞ்சம் பெரிது. ஒன்று எகிறுகிறது, ஒன்று தரையோடு வருகிறது, ஒன்று பக்கவாட்டில் வந்து இன்னொன்றில் மோதித் திசை மாறுகிறது. ஒவ்வொரு கல்லுக்கும் அவர் தனியாக ஒரு முடிவு எடுக்க வேண்டும்: தாண்டுவதா, ஒதுங்குவதா, படுப்பதா? அவர் யோசிப்பதை நாம் பார்க்கிறோம். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. கூட்டத்தைக் கண்டு ஓடும்போது அவருக்கு ஒரே முடிவுதான், ஓட்டம்.

ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார், அந்தப் பாறையே நகரத் தொடங்குகிறது. மரத்தில் ஏறுகிறார், மரத்தையும் கற்கள் விடவில்லை. பாதுகாப்பு என்று நம்பிய ஒவ்வொன்றும் ஆபத்தாக மாறும்போது நமக்கு அடுத்தது என்ன என்ற பதற்றமும் சேர்ந்துகொள்கிறது. கடைசியில் சரிவின் அடிவாரத்தில் மணப்பெண்கள் காத்திருக்கிறார்கள். மேலே பாறை, கீழே கூட்டம். பாறைகள் வந்து கூட்டத்தைச் சிதறடித்துவிடுகின்றன. இரண்டு ஆபத்துகளையும் ஒன்றோடொன்று மோதவிட்டுக் கதாநாயகனை விடுவித்த இந்த முடிவு, சுத்தமான கீட்டன் கணக்கு.

இனி கதைப் பக்கம். எனக்கு இதுதான் முக்கியம். ஜிம்மியின் ஒரு தவறான வாக்கியம்தான் எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது என்று சொன்னேன். அதனால் மேரி மறுத்தாள். அதனால் ஏழு பேர். ஏழு பேரும் மறுத்ததால் தெருவில் போகிறவர்கள். அது போதாமல் பத்திரிகை, பத்திரிகையால் ஊர் முழுக்க. ஒவ்வொன்றும் முந்தையதால் பெயர்க்கப்பட்டு, முந்தையதைவிடப் பெரிதாகி, கீழே உருண்டு வருகிறது. வேண்டுமென்று யாரும் உருட்டவில்லை. கால் தவறிப் பட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

சரிவில் நடப்பதும் இதே. ஒரு கால் இடறல், ஒரு கல், மூன்று கல், மலையே வருகிற மாதிரி. நாடகம் 1916இல் வார்த்தையில் சொன்ன கதையை, மலைச்சரிவு ஒரு வார்த்தையும் இல்லாமல் முழுதாகத் திரும்பச் சொல்லிவிடுகிறது. முன்னோட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்த ஜனங்களுக்கு இதெல்லாம் யோசித்துத் தெரிந்திருக்காது. ஆனால் அதுவரை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த கதையின் உருவம் திடீரென்று கண்முன்னால் உருண்டு வந்தது. அந்த மூன்று கற்கள் வேறு ஏதாவது படத்தில் உருண்டிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கூச்சத்தை அனுபவித்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். நானும் ஆபீஸில் வாய் திறக்காதவன் என்று பெயரெடுத்தவன். கேட்க வேண்டியதை வருஷக்கணக்கில் கேட்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் தப்பான நேரத்தில் தப்பான விதத்தில் கேட்டு, அதைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்து, ராத்திரி படுக்கையில் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வரும்போது நெஞ்சுக்குள் ஏற்படும் பாரம் இருக்கிறதே, அதற்கு எட்டடிப் பாறை சரியான அளவு.

மனதுக்கு ஒப்பாதவை

இந்தப் படத்தைக் குறையே இல்லாதது என்று எழுதினால் அது பொய். ஜிம்மி தெருவில் ஒரு பெண்ணைக் கேட்கப் போய், அவள் கறுப்பினத்தவள் என்று பார்த்ததும் திரும்பி ஓடிவருவது ‘ஜோக்’காக வைக்கப்பட்டிருக்கிறது. மேரி வீட்டு வேலைக்காரராக வரும் கறுப்பின மனிதர் வேடத்தில், முகத்தில் கரி பூசிய ஒரு வெள்ளைக்கார நடிகர் நடித்திருக்கிறார். அந்த வேலைக்காரர் மந்தமானவர், அதனால்தான் மேரியின் செய்தி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று கதையின் ஒரு முக்கியமான முடிச்சே இந்த இழிவின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்க மேடையிலும் சினிமாவிலும் இது சகஜம் என்பது காரணம்தான், சமாதானம் ஆகாது. இந்த இடங்கள் வரும்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. படத்தைப் புதிதாகப் பார்க்க யாருக்காவது சொன்னால் இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

மணப்பெண்கள் கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயதான, பருமனான பெண் கல்யாண உடுப்பில் நின்றாலே சிரிப்பு வரும் என்ற நினைப்பு படத்தில் இருக்கிறது. பாறைகள் வந்த பிறகு படம் உயர்ந்துவிட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கல்லைப் பார்த்துச் சிரிக்கும்போது யாரும் அவமானப்படுவதில்லை.

அதற்குப் பிறகு

கீட்டனுக்கு இந்தப் படத்தின் மேல் கடைசிவரை பெரிய பிரியம் வரவில்லை. ‘ஷெர்லாக் ஜூனியர்’, ‘தி நேவிகேட்டர்’ இரண்டுக்கும் அடுத்து வந்தது. மறு வருஷம் ‘தி ஜெனரல்’ வந்தது. அவற்றோடு வைத்துப் பார்த்தால் இது கடன் வாங்கிய வீடு மாதிரி அவருக்குத் தோன்றியிருக்கலாம். 1928இல் தன் சொந்த ஸ்டூடியோவை விட்டு எம்ஜிஎம் என்ற பெரிய பட நிறுவனத்துக்குப் போனார். ஜனங்களுக்குப் போட்டுப் பார்த்து, மனம் மாறி, காட்சியைத் திரும்ப எடுக்கிற சுதந்திரம் அங்கே அவர் கையில் இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கற்கள்தான் ஞாபகம் வருகின்றன. கணக்கு வழக்கு பார்க்கும் ஒரு மேலாளர் மேலே இருந்திருந்தால், முடிந்துபோன படத்துக்கு 1,500 பொய்ப்பாறைகள் செய்ய யார் சம்மதித்திருப்பார்கள்?

கதை மட்டும் உயிரோடு சுற்றிக்கொண்டிருந்தது. கீட்டனோடு வேலை செய்த கிளைட் பிரக்மன், 1947இல் ‘த்ரீ ஸ்டூஜஸ்’ நகைச்சுவைக் குழுவுக்காக எழுதிய ஒரு குறும்படத்தில் இதே கருவைப் பயன்படுத்தினார். 1999இல் ‘தி பேச்சலர்’ என்ற பெயரில் முழுநீளப் படமாகவும் மறுபடி வந்தது. மணப்பெண்கள் கூட்டம் அதிலும் இருக்கிறது.

இப்போது 1925ஆம் வருஷத்துப் படங்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை காலாவதியாகிவிட்டது, 2021 தொடக்கத்திலிருந்து யார் வேண்டுமானாலும் போடலாம், பார்க்கலாம். பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பாறைகளை மட்டும் தனியே வெட்டிப் போட்ட துணுக்கைப் பார்க்காதீர்கள். முதலிலிருந்து பாருங்கள், அந்த வண்ணத் தோட்டத்திலிருந்து.

ஏனென்றால் முடிவு அங்கேதான் திரும்பிப் போகிறது. ஜிம்மி ஓடி ஓடி மேரி வீட்டுக்கு வந்துசேர்ந்தபோது, கூட்டாளியின் கடிகாரத்தில் 7 தாண்டிவிட்டது. பணம் இல்லாவிட்டாலும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறாள் மேரி. தனக்கு வரப்போகும் அவமானத்தில் அவளுக்குப் பங்கு கொடுக்க மாட்டேன் என்று அவன் மறுத்துவிட்டு வெளியே வருகிறான். படத்திலேயே அவன் கோணலில்லாமல் பேசிய ஒரே வாக்கியம் இது. வாசலில் நிமிர்ந்து பார்த்தால் சர்ச் மணிக்கூண்டில் இன்னும் 7 ஆகவில்லை, கூட்டாளியின் கடிகாரம்தான் முந்தி ஓடியிருக்கிறது. உள்ளே ஓடி, கடைசி நொடியில் கல்யாணம் முடிகிறது.

மணமகளுக்கு முத்தம் கொடுக்க ஜிம்மி திரும்புகிறான். அதற்குள் மற்றவர்கள் முந்திக்கொள்கிறார்கள். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, அவளோடு தனியாக உட்கார்ந்து மறுபடி முகத்தைக் கிட்டே கொண்டுபோகிறான். அந்தப் பெரிய நாய் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நிற்கிறது.